வாக்குத்தத்தம் இல்லாத வருஷம்

1987 பிறந்த அன்று காலை, அம்பத்தூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னச் சபையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்கள் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. புத்தாண்டு அன்று கோயிலை விட்டு வெளியே வருகிற ஜனங்கள் எப்படி வருவார்கள் என்று நமக்குத் தெரியும். புதுப்புடவை சரசரக்கும், பவுடர் வாசனை அடிக்கும், பகையாளியைக்கூடப் பிடித்து இழுத்துக் கைகுலுக்கி ஹேப்பி நியூ இயர் சொல்வார்கள். அன்றைக்கோ ஆளுக்கு ஒரு சின்ன அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். அந்த அட்டைகளை எழுதிய தேவராஜ் வாசற்படி ஓரத்தில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய கூத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால், மனிதர் ஏதோ விஷமக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். தேவராஜ் ஆண்டவரிடம் எதையும் கேட்பதை நிறுத்தி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. இனி ஒருநாளும் கேட்பதில்லை என்று தனக்குள் தீர்மானமும் செய்திருந்தார். கூத்து அதிலிருந்து வந்தது.

பக்கத்தில் பாடி என்ற ஊரில், லாரிக்கு பாடி கட்டும் ஒரு ஷெட்டில் அவருக்கு எழுத்து எழுதும் வேலை. தச்சர்களும் வெல்டர்களும் தங்கள் பங்கை முடித்து ஒதுங்கிய பிறகு, வண்டி அவர் கைக்கு வரும். பின்பக்கத்தில் ஹாரன் அடிக்கச் சொல்லும் எழுத்து, கதவில் முதலாளி பெயர், நெற்றியில் சாமி பெயர். முருகனுக்கும் அல்லாவுக்கும் அந்தோணியாருக்கும் ஒரே பிரஷ், ஒரே பொறுமை. கிறிஸ்தவனாக இருந்துகொண்டு இதையெல்லாம் எழுதலாமா என்று சபையில் யாராவது சொறிந்தால், "அவனவன் வண்டி, அவனவன் சாமி. எழுத்து கோணலா போச்சின்னா அது என் தப்பு, அவ்ளோதான்" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். பேச்சு விஷயத்தில் கருமி.

இப்படிப்பட்ட கை இருந்ததால்தான் சபையின் வாக்குத்தத்த அட்டைகளை எழுதும் பொறுப்பு பல வருஷங்களுக்கு முன் அவர் தலையில் விழுந்தது. பெரிய கோயில்களில் ரோஜாப்பூ படம் போட்டு அச்சடித்த அட்டை தருவார்கள். இந்தச் சபைக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று சபைக்கும் சேர்த்து ஒரே ஐயர். போதகரைத்தான் அந்த ஜனங்கள் ஐயர் என்பார்கள், பூணூலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நடுராத்திரி ஆராதனையைப் பெரிய சபையில் முடித்துக்கொண்டு, விடிந்ததும் கண்ணெல்லாம் சிவக்க ஸ்கூட்டரில் இங்கே வந்து சேர்வார்.

திருவிருந்து கொடுத்து முடித்ததும், எவர்சில்வர் தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பிக்கொண்டு வருவார்கள். கண்ணை மூடி ஜெபம் பண்ணி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூடாது. அதிலிருக்கும் வேதவசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குத் தரும் வாக்கு. வீட்டுக்குப் போய் கதவுக்குப் பின்னாலோ காலண்டருக்குக் கீழேயோ ஒட்டிவிட்டு, பெண்ணுக்கு வரன் அமையுமா, பையனுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் வேலை நிரந்தரமாகுமா என்று அந்த ஒரு வரியைப் பார்த்துப் பார்த்தே வருஷத்தை ஓட்டுவார்கள். ஐயருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. வேதம் என்ன கிளி ஜோசியமா என்று ஒருமுறை பிரசங்கத்திலேயே கேட்டுப் பார்த்தார். பலமாகத் தலையாட்டிய ஜனங்கள், அந்த வருஷம்தான் தாம்பாளத்துக்கு முன்னால் அதிகமாக நெருக்கியடித்தார்கள்.

தேவராஜின் மனைவி அன்னம்மாள் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்துவைத்து, டிசம்பர் வந்ததும் கத்தரிக்கோலால் நறுக்கித் தருவாள். வெள்ளையாக இருக்கும் பக்கத்தில் அவர் எழுதுவார். ஆகவே ஒரு பக்கம் யாரோ மாப்பிள்ளையின் பாதிப் பெயர், மறுபக்கம் ஆண்டவரின் முழு வாக்கு. எழுதி முடித்ததும் அன்னம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படிப்பாள். "இது யாருக்குப் போவுதோ, போற எடம் நல்லாருக்கட்டும்" என்பாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

தேவராஜ் மட்டும் அட்டை எடுப்பதில்லை. பின்பக்கத்தைப் பார்த்தாலே எந்த வசனம் என்று தெரிந்துவிடுகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாகப் போவது அவருடைய வேலை. அதிலேயே அவருக்குத் திருப்தி.

எண்பத்தைந்தின் கடைசியில் அன்னம்மாளுக்கு வயிற்றுவலி வந்தது. டாக்டர் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு இவரிடம் மட்டும் சொன்னார். கட்டி, முற்றிவிட்டது, கத்தி வைத்தும் பிரயோஜனமில்லை. அவர் வெளியே வந்து, "கொடல்ல புண்ணாம். காரம் சேக்காதன்னாங்க" என்றார். அவள் சரி என்று தலையசைத்தாள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அந்தப் புத்தாண்டுக்கு அவர் ஒரு காரியம் செய்தார். வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில், சாகாமல் பிழைத்திருப்பேன் என்று சொல்லும் வசனம் ஒன்று உண்டு. அதை ஒரே ஓர் அட்டையில் எழுதி, தாம்பாளத்தின் விளிம்பில் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் எடுத்தபோது விரலை அழுத்திக்கொண்டார். அன்னம்மாளிடம் வந்ததும் விரலைத் தளர்த்தி, அட்டையை அவள் கையில் இடிக்கும்படி முன்னால் தள்ளினார். அவள் எடுத்தாள், படித்தாள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அவசர அவசரமாக அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அவள் அதை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினாள். அன்றிலிருந்து அந்த வசனம் அவள் வாயை விட்டு இறங்கவில்லை. மாவு அரைக்கும்போது சொன்னாள். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது சொன்னாள். உடம்பு இளைத்துப் பாயோடு பாயாகக் கிடந்தபோதும், இவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, இவர் காதில் விழும்படி சொன்னாள். ஒவ்வொரு தடவையும் தேவராஜுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான் ஏமாற்றியதை இவள் நம்பிக்கொண்டிருக்கிறாளே என்று துடித்தார். உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. ஒருவேளை ஆண்டவர் நம் எழுத்தைக் காப்பாற்றிவிடுவார் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. அந்த நப்பாசையில் இரவும் பகலும் கேட்டார், கெஞ்சிக் கேட்டார். ஆகஸ்டு மாதம் அன்னம்மாள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து வந்த அன்றே அட்டையைச் சுவரிலிருந்து உரித்து அடுப்பில் போட்டார். அத்தோடு ஆண்டவரிடம் கேட்பதும் நின்றது. சாப்பாட்டுக்கு முன் சொல்லும் இரண்டு வரி ஜெபம்கூட நின்றுபோனது. அதைக் கோபம் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனார், எல்லாரும் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். கேட்பது மட்டும் இல்லை. கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்றிருந்தது.

டிசம்பரில் சபைச் செயலாளர் யேசுவடியான் ஒரு கட்டுப் பழைய பத்திரிகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர் என்றாலும் சபைக் காரியம் என்றால் ஓடி ஓடிச் செய்வார்.

"இன்னா நைனா, கார்டு எழுத ஆரமிச்சிட்டியா?"

"இந்த வருசம் வேற யாரையாச்சும் பாருங்க."

"வேற யாரு கீறாங்க? என் எழுத்து எனக்கே புரியாது. அச்சுக் கார்டு வாங்கலாம்னா அதுக்கு கமிட்டிய கூட்டணும். கமிட்டிய கூட்டினா சண்ட வரும். வருசப் பொறப்பு அதுவுமா எதுக்கு வம்பு? எழுதிடு நைனா." பத்திரிகைக் கட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டார்.

தேவராஜ் தானே கத்தரித்தார். அட்டைகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்தன. வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். வழக்கமாக எழுதும் வசனங்கள் வரிசையாகக் கண்ணில் பட்டன. நோயை நீக்குவேன், கண்ணீரைத் துடைப்பேன், வெறுமையாய்ப் போகவிட மாட்டேன் என்ற வசனங்கள். பேனா நகரவில்லை. இதை யாரோ ஒருத்தி எடுப்பாள், நம்புவாள், சுவரில் ஒட்டுவாள். அப்புறம் ஆகஸ்டு வரும்.

பக்கத்தைப் புரட்டியபோது ஒரு கட்டளை கண்ணில் பட்டது. நாக்கை அடக்கிக்கொள் என்றது. சட்டென்று மனம் லேசாயிற்று. கட்டளை யாரையும் ஏமாற்றுவதில்லையே! செய்தால் நல்லது, செய்யாவிட்டால் குற்றம் நம்முடையது. ஆண்டவர்மேல் பழி இல்லை, எழுதினவன்மேலும் பழி இல்லை. தேடித் தேடி எழுதினார். கடைசி அட்டைவரை கட்டளை, கட்டளை, கட்டளை. இன்னாருக்கு இது போகட்டும் என்று ஒன்றையும் எழுதவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் பிறகு சபையில் ஒருவரும் இதை நம்பவில்லை.

புத்தாண்டுக் காலையில் அவர் தாம்பாளத்தைத் தொட மறுத்துவிட்டதால் யேசுவடியானே ஏந்திக்கொண்டு போனார். மரியாதைக்கு முதல் அட்டை ஐயருக்கு. பேசுவதில் தாமதம் காட்டு என்று வந்தது. முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணி அப்போதுதான் முடித்திருந்தவர், படித்துவிட்டு இருமினார். யேசுவடியானுக்கு வந்தது, இரண்டு சட்டை வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற வசனம். வேலைக்குப் போகாமல் அவர் வீட்டிலேயே தங்கிவிட்ட மருமகனுக்கு, வேலை செய்யாதவன் சாப்பிடவும் கூடாது என்று வந்தது. மாமனார் மருமகன் கையிலிருந்ததை எட்டிப் பார்த்துப் பரவசப்பட்டார். மருமகன் மாமனார் கையிலிருந்ததை எட்டிப் பார்த்துப் பரவசப்பட்டான். தெருக்குழாய்த் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு, காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்று வந்தது. அவள் அதை மற்றவள் மடியில் போட்டு, "இது உனுக்கு வந்தது, தப்பிப் போய் எங்கைல வந்துச்சி" என்றாள். திருப்பி வைக்கக் கூடாது என்ற சட்டம் அன்றோடு காற்றில் போனது. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். எதை மாற்றினாலும் கட்டளைதான் வந்தது.

வெளியே வந்ததும் யேசுவடியான் நேராக தேவராஜிடம் வந்தார். "இன்னா நைனா இது? வாக்குத்தத்தம் எழுதச் சொன்னா, ஆளுக்கொரு கோர்ட்டு சம்மன் எழுதிக் குட்த்துக்கீற?"

"எல்லாம் வேதத்துல கீறதுதான்."

"கீது, யார் இல்லன்னா? பஸ்ட் தேதி காலைல அதான் வேணுமா? அதுல என் சட்ட வேற ஒனுக்குக் கண்ண உறுத்துதா?"

ஐயர் அவரை விலக்கிவிட்டு அருகே வந்தார். "தேவராஜ், மொத்தத்தில் ஒரு வாக்குகூட இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லீங்கய்யா."

ஐயர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூன்றாவது சபையில் ஜனங்கள் காத்திருந்தார்கள். "அப்புறம் வருகிறேன்" என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்தார்.

கோபித்தவர்களும் சிரித்தவர்களும் கலைந்த பிறகு, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் சாராள் நிற்பதை தேவராஜ் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அன்னம்மாளைக் கடைசிவரை தொட்டுத் தூக்கிப் பார்த்துக்கொண்டவள் அவள். அவளுக்கு இப்போது வயிற்றில் ஏழு மாதம். இதற்கு முன் பிறந்த இரண்டும் மூச்சில்லாமல் பிறந்தவை. அவள் அட்டையைப் படித்துக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றாள். திட்டியிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளைக் கடக்காமல் சுற்றுவழியாக வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் அவள் ஒரு தட்டில் சோறும் கறிக்குழம்பும் போட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் ஜோசப்ராஜ் எஸ்டேட்டில் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான்.

"சாப்டீங்களாண்ணா?"

"ஆச்சும்மா."

"பொய் சொல்லாதீங்க. அடுப்பு சில்லுனு கீது." தட்டை வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்கு இன்னா வந்துச்சின்னு கேக்கவே இல்லியே நீங்க."

"இன்னா வந்துச்சி?"

"நாளைய பத்தி கவலப்படாத."

"நல்ல வசனம்தானே."

"நல்ல வசனம்தான், யார் இல்லன்னா? ஆனா எதனால கவலப்பட வாணாம்னு ஒரு வார்த்த சொல்லணும் இல்லண்ணா? நான் கூட கீறேன், நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு, அப்பறம் கவலப்படாதன்னு சொன்னா கேக்கலாம். சும்மா கவலப்படாதன்னா, அத எங்க மாமியாரே தெனம் சொல்லுது." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ரெண்டு புள்ளைங்கள துணில சுத்திக் குடுத்தவண்ணா நானு."

தேவராஜ் இதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"எழுதி இன்னா ஆவப்போவுது சாராளு? போன வருசம் எழுதினேனே. அவளுக்கு வந்த அட்ட ஆண்டவர் குடுத்தது இல்ல. நானே வெரலுக்கு அடியில வெச்சினு போய் அவ கைல தள்ளினேன். கர்த்தர் சொல்லாதத சொன்னாருன்னு ஏமாத்தினேன். அவ அத நம்பிகினே செத்தா."

சாராள் அவரை ஆச்சரியத்தோடு பார்க்கவில்லை. "அன்னம்மாக்காவுக்குத் தெரியுண்ணா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். தட்டு கிடுகிடுன்னு ஆடிச்சாம். நிமிந்து பாத்தா நீங்க திருட்டு முழி முழிச்சினு நிக்கறீங்களாம். எங்கிட்ட சொல்லிச் சொல்லி சிரிக்கும். ‘கட்டினு வந்த நாள்லேந்து ஒரு பொடவ இந்த மனுசனுக்குத் தானா எடுத்துகினு வரத் தெரியாது சாராளு, வசனத்த தட்டுல வெச்சித் தள்ளறாரு பாரேன்’னும். ஆண்டவர் இன்னா சொல்றாரோ அது அவருக்குத் தெரியும், இவரு இன்னா சொல்றாருன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சின்னு சொல்லும். கொடல்ல புண்ணு இல்ல, வேறன்னும் அதுக்குத் தெரியும்."

"அப்ப எதுக்கு அத தெனமும் சொன்னா? நான் கெளம்பும்போதெல்லாம் சொன்னாளே!"

"ஒங்களுக்காகத்தான். நான் சொல்லலன்னா அந்த மனுசன் ஒடஞ்சிடுவாருன்னுச்சி. கடைசி வாரம் நானே கேட்டேன், நீ பொழைக்க மாட்டன்னு தெரிஞ்சும் ஏன்க்கா இத சொல்றன்னு. இன்னா சொல்லிச்சி தெரியுமா? ‘நான் போனாலும் வசனம் பொய்யி இல்ல. எங்க பொழைக்கறது, எப்ப பொழைக்கறதுன்னு அந்த அட்டைல அவரு எழுதலயே’ன்னுச்சி. நல்லா, தெளிவா சொல்லிச்சிண்ணா. அழுவல."

அடக்கத்தன்று அழாத தேவராஜ் அப்போது அழுதார். சோற்றுத் தட்டுக்கு முன்னால், பெண்பிள்ளை ஒருத்தி பார்க்கிறாளே என்ற வெட்கம் இல்லாமல், தோள் குலுங்க அழுதார். எத்தனை மாதம் அவளை ஏமாந்தவள் என்று நினைத்திருந்தார்! அவள் எல்லாம் தெரிந்துகொண்டு, செத்துக்கொண்டிருக்கும்போதும் இவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அந்த நம்பிக்கை இவர் எழுத்தினால் வந்ததும் இல்லை, அதனால் போனதும் இல்லை.

"ஏன் முன்னாலயே சொல்லல நீ?" என்று கேட்டபோது குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"சொல்லாத, வெக்கப்படுவாருன்னு கைல அடிச்சி சத்தியம் வாங்கிச்சி. இன்னிக்கு அந்தக் கார்டுங்கள பாத்ததும், இனிமே மூடி வெச்சா அதான் பாவம்னு பட்டுது." சாராள் குனிந்து, வயிற்றின்மேல் புடவையை நீவிவிட்டுக்கொண்டாள். "அக்காவுக்கு ஒருத்தர் அவ்ளோ ஆசப்பட்டாரு. எனுக்கு யாரு கீறாங்க? எங்க ஊட்டுக்காரரு ரெண்டு தபா அடிபட்டு இப்ப புள்ள பேச்சே எடுக்கறது இல்ல. ஒரு தொட்டில் கட்டக் கொக்கி மாட்டுன்னா எந்திரிச்சி வெளிய போய்டறாரு. ஆசப்பட்டா போய்டும்னு பயம். எனுக்கும் ஒண்ணு அப்பிடித் தள்ளி வெச்சிருக்கலாம் இல்லண்ணா நீங்க?"

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து பேனாவைத் தேடினார், மிச்சமிருந்த பத்திரிகையைத் தேடினார். எந்த வசனத்தை எழுதுவது என்று மனம் ஓடியது.

"அட்ட வாணாண்ணா. ஜெபம் பண்ணுங்க."

தேவராஜ் அப்படியே நின்றுவிட்டார். "எனுக்கு வாய் வராதும்மா. ஆகஸ்டுலேந்து நான் ஒண்ணுமே கேக்கறது இல்ல."

"வர்ற வரிக்கும் நான் குந்திகினு கீறேன்" என்றாள் அவள். சொன்னபடி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

இது எளிதான காரியம் என்று நினைக்காதீர்கள். கேட்டது கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவருக்குத்தான் மறுபடியும் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். இந்தப் பிள்ளையும் போய்விட்டால்? இரண்டு மாதத்தில் இந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கேட்காமல் இருந்தால் பழியில்லை. ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் யாரோ பிள்ளைகள் மிச்சப் பட்டாசை வெடித்துக்கொண்டிருந்தார்கள். தேவராஜ் தரையில் மண்டியிட்டார். முழங்கால் வலித்தது, பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"ஆண்டவரே" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. தொண்டையைக் கனைத்தார். கோயிலில் சொல்லும் அழகான ஜெப வார்த்தைகள் எத்தனையோ அவருக்குத் தெரியும், ஒன்றும் கைகொடுக்கவில்லை. கடைசியில், ஷெட்டில் முதலாளியிடம் பேசுகிற பாஷையில் வந்தது.

"நீர் குடுப்பீரோ மாட்டீரோ, எனுக்குத் தெரியாது. போன தபா நான் கேட்டதுக்கு நீர் வேற பதில் சொன்னீர். அத அன்னம்மா புரிஞ்சிக்கினா, எனுக்கு இன்னும் முழுசா புரியல. இருந்தாலும் கேக்கறேன். இந்தப் புள்ள உசுரோட பொறக்கணும். ஆணோ பொண்ணோ, கறுப்போ செவப்போ, அது உம்மோட இஷ்டம். அழணும் ஆண்டவரே. பொறந்ததும் ஓன்னு அழணும். ஊட்டுக்கு வந்தும் அழணும். செவுத்துக்கு இந்தப் பக்கம் படுத்துகினு கீற எனுக்கு ஒரு நாளும் தூக்கமே வரக்கூடாது, அப்பிடி அழணும்."

சாராள் விம்முவது கேட்டது. ஆமென் சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஜோசப்ராஜுக்காகக் கேட்டார், தொட்டில் மாட்ட அவனுக்குத் தைரியம் வரவேண்டும் என்று கேட்டார். காலையில் கோபித்துக்கொண்டு போன ஜனங்களுக்காக ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கேட்டார். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.